ஆஞ்சியோவில் அடைப்பே இல்லை, ஆனாலும் நெஞ்சு இறுக்கம்: அமிலாய்டு இதயமும் ரத்தக் குழாய்களும்

கொலுசு_மகள்
சனி, காலை 7:40

வணக்கம். அப்பாவுக்கு 72 வயது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். பொடி வைத்து ஊதுவது, சலங்கை கோர்ப்பது என்று கை ஓயாத வேலை. சில வருடங்களுக்கு முன்னால் இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு அழுத்தம் என்று ஆபரேஷன் ஆனது. பட்டறை வேலையால் வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் அதோடு விட்டுவிட்டோம்.

இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு இறுக்குகிறது, சாயங்காலம் கால் வீங்குகிறது. ஆஞ்சியோ எடுத்தார்கள், அடைப்பு எதுவும் இல்லை. எக்கோவில் இதயச் சுவர் 17 மில்லிமீட்டர். இசிஜியில் அலைகள் சின்னதாக இருக்கின்றன. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு இதய டாக்டர் "அமிலாய்டாக இருக்கலாம், இன்னும் சில டெஸ்ட் எடுக்கணும்" என்றார். மடிப்பு மாறிய புரதம் உடம்பில் படிகிற நோயாம்.

எனக்குப் புரியாதது ரத்தக் குழாய் விஷயம். அப்பா பல வருடமாக அம்லோடிபின், டெல்மிசார்டன் இரண்டும் போடுகிறார். முன்பெல்லாம் மாத்திரை போட்டும் பிபி 150க்குக் கீழே இறங்காது. இப்போது உட்கார்ந்திருக்கும்போது 126, எழுந்து நின்றால் 92. காலையில் பாத்ரூம் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். வீட்டில் எல்லோரும் "பிபி தானாகவே சரியாயிடுச்சு" என்று சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அமிலாய்டு இதயத் தசையில் வருகிற நோய் என்றால் பிபி ஏன் விழுகிறது? அடைப்பு இல்லாமல் நெஞ்சு ஏன் இறுக்குகிறது? இன்னொன்று, மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. ஏற்காட்டில் சித்தப்பா வீடு இருக்கிறது, போயே ஆகணும் என்கிறார் அப்பா. கூட்டிப் போகலாமா?

---

ஐந்துரோடு
சனி, காலை 8:15

சகோதரி, ஆஞ்சியோ கிளீன் என்றால் ரத்தக் குழாய் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம். அப்புறம் எதற்குப் பயம்? வயதானவர்களுக்கு நெஞ்சு இறுக்கம் பாதி நேரம் கேஸ் தொல்லைதான். பிபி விழுந்தால் மோரில் உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக் கொடுங்கள், எங்கள் தெருவில் ஒருவருக்கு அதுதான் கேட்டது. இந்த வெயிலுக்கு எல்லோருக்கும்தான் தலை சுற்றுகிறது.

---

வார்டு_அக்கா
சனி, காலை 9:05

தயவுசெய்து உப்பு கொடுக்காதீங்க. கால் வீங்குகிற ஆளுக்கு உப்பைக் கூட்டினால் தண்ணீர் உடம்பில் தங்கி, ராத்திரி படுக்கும்போது நுரையீரலில் ஏறும். நான் இதய வார்டில் நர்ஸாக இருக்கிறேன். இப்படி உப்பு மோர் குடித்துவிட்டு மூச்சுத் திணறி நடுராத்திரியில் வந்து சேர்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தங்கச்சி, அப்பாவுக்கு நீங்கள் எழுதியிருப்பதில் நான்கு விஷயம் ஒன்றோடொன்று பொருந்துகிறது: இரண்டு கையிலும் மணிக்கட்டு நரம்பு, தடித்த சுவருக்குச் சின்ன இசிஜி, வருடக்கணக்காக இருந்த பிபி காணாமல் போனது, நின்றால் விழுவது. டாக்டர் சந்தேகப்பட்டது சரியான சந்தேகம்.

முதலில் நடக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ரத்தத்தில் ஃப்ரீ லைட் செயின், அதோடு ரத்தத்திலும் சிறுநீரிலும் இம்யூனோஃபிக்சேஷன். லைட் செயின் என்ற புரதம் கெட்டுப் பெருகியிருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்கள் இவை. இதயத்தில் வரும் அமிலாய்டு பெரும்பாலும் இரண்டு வகை. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள் கெட்ட லைட் செயின் புரதத்தை உற்பத்தி செய்வதால் வருவது ஏஎல். கல்லீரல் செய்யும் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் பிரிந்து, மடிப்பு மாறிப் படிவது ஏடிடிஆர். ஏஎல் என்றால் அது ரத்தநோய் டாக்டர் உடனே பார்க்க வேண்டிய அவசரம், அதற்குக் கீமோ மருந்து. ஏடிடிஆர் மெதுவாகப் போகும், அதற்கு வேறு மருந்து. லைட் செயின் ரிப்போர்ட்டைப் பார்க்காமல், இதயத்தில் ஏடிடிஆர் படிந்திருக்கிறதா என்று பார்க்கும் பைரோபாஸ்பேட் ஸ்கேனை மட்டும் எடுத்து முடிவு கட்டக் கூடாது, ஏஎல் நோயாளிகள் சிலருக்கும் அந்த ஸ்கேன் பாசிட்டிவாகக் காட்டும்.

---

அஸ்தம்பட்டி_நாடி
சனி, காலை 11:30

மகளே, நான் உடலியங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இதய டாக்டர் அல்ல. உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் ரத்தக் குழாயில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆஞ்சியோ. மருந்து செலுத்திப் படம் எடுக்கும்போது தெரிவது இதயத்தின் மேலே ஓடும் பெரிய கரோனரித் தமனிகளும் அவற்றின் கிளைகளும். சுமார் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் படத்தில் எதுவும் பிடிபடாது. ஆனால் தசைக்கு எந்த நேரத்தில் எவ்வளவு ரத்தம் போகணும் என்று தீர்மானிப்பதே அந்தக் கண்ணுக்குத் தெரியாத குழாய்கள்தான். படி ஏறும்போது அவை விரிந்து பல மடங்கு ரத்தத்தை விட வேண்டும். அப்படி விரியக்கூடிய இருப்புக்குக் கரோனரி ஓட்ட இருப்பு என்று பெயர்.

அமிலாய்டு அந்த இருப்பைப் பல பக்கத்திலிருந்து தின்கிறது. சின்னத் தமனிகளின் சுவருக்குள்ளேயே படிந்து உள்வழியைக் குறுக்கும். தசை நார்களுக்கு இடையில் படிந்து வெளியிலிருந்து நெருக்கும். குழாயின் உள்பூச்சான எண்டோதீலியம் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடுதான் குழாயை விரியச் சொல்லும், அந்த வேலையும் கெடும். இதோடு இன்னொன்று சேர்கிறது. இடது கீழறைத் தசைக்கு ரத்தம் போவது பெரும்பாலும் இதயம் தளர்கிற நேரத்தில்தான். அமிலாய்டு இதயம் சரியாகத் தளர்வதே இல்லை, உள்ளே அழுத்தம் ஏறியே இருக்கும், அந்த அழுத்தம் உட்பக்கத் தசையின் சின்னக் குழாய்களை நசுக்கும்.

பாஸ்டனில் 2014ல், தசைக்குள் ஓடும் ரத்தத்தை அளக்கும் பெட் ஸ்கேன் வைத்து இதைப் பார்த்தார்கள். பெரிய தமனிகளில் அடைப்பு இல்லாத அமிலாய்டு நோயாளிகளை எடுத்து, பிபியால் சுவர் தடித்தவர்களோடு ஒப்பிட்டார்கள். அமிலாய்டுக்காரர்களில் ஏறக்குறைய எல்லோருக்குமே தசைக்குப் போகும் ரத்தம் குறைவு, ஓட்ட இருப்பும் குறைவு. ஆகவே ஐந்துரோடு சார், "ஆஞ்சியோ கிளீன்" என்பது பெரிய குழாய்க்கு மட்டும் கொடுக்கப்பட்ட சான்றிதழ். அப்பாவின் நெஞ்சு இறுக்கத்தைக் கேஸ் என்று தள்ளிவிடக் கூடாது.

அடுத்தது பிபி. எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். நல்ல உடம்பில் கழுத்துத் தமனியில் இருக்கும் உணரிகள் அதைக் கண்டுபிடித்து, சில நொடிகளுக்குள் நரம்பு வழியாகக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகப்படுத்திவிடும். அமிலாய்டு அந்தத் தன்னியக்க நரம்புகளிலும் படியக்கூடியது. சுருங்கு என்ற சேதி குழாய்க்குப் போய்ச் சேருவதில்லை. விறைத்த இதயமோ ஒரு துடிப்புக்கு இவ்வளவுதான் என்று ஒரு அளவில் நின்றுவிட்டது, கூட்டித் தள்ள முடியாது. இந்த நிலையில் அம்லோடிபின் குழாயை விரிக்கிறது. டெல்மிசார்டன், நரம்பு கைவிட்ட பிறகும் பிபியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த ஆஞ்சியோடென்சினைத் தடுக்கிறது. 126லிருந்து 92 என்பது 34 புள்ளி. மூன்று நிமிடத்துக்குள் 20 விழுந்தாலே நிலைமாற்றத் தாழ்அழுத்தம் என்று கணக்கு.

பழைய பிபி தானாகக் காணாமல் போனதைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்படாமல் இருந்தது சரி. இந்த நோயில் அது ஒரு தடயம்.

---

ஐந்துரோடு
சனி, மதியம் 1:10

விளக்கத்துக்கு நன்றி ஐயா. அப்படியென்றால் பிபி மாத்திரை இரண்டையும் இன்றைக்கே நிறுத்திவிடலாமா?

---

வார்டு_அக்கா
சனி, மதியம் 1:50

வீட்டிலேயே நிறுத்த வேண்டாம். ஆனால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், திங்கட்கிழமையே போன் பண்ணிக் கேளுங்கள். போகும்போது கையில் அளவு இருக்கணும். காலையில் மாத்திரைக்கு முன்னால் ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு தடவை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு தடவை. நாடித் துடிப்பையும் கூடவே குறியுங்கள். பிபி 30 விழுந்தும் துடிப்பு அசையாமல் இருந்தால் டாக்டருக்கு அது பெரிய சேதி, நரம்பு பாதிப்பு பக்கம் பார்ப்பார். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

பீட்டா பிளாக்கர் யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். துடிப்புக்கு இவ்வளவுதான் என்று நின்றுவிட்ட இதயம் வேகத்தை வைத்துத்தான் சமாளிக்கிறது, வேகத்தைக் குறைத்தால் தளர்ந்துவிடும். டில்டியாசெம், வெராபமில் என்ற இதய மாத்திரைகள் இரண்டையும் இந்த நோயில் பொதுவாகத் தவிர்ப்பார்கள். வேறு ஏதாவது காரணத்துக்கு வேறு டாக்டரிடம் போனாலும் அமிலாய்டு சந்தேகம் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

---

மலைக்காப்பி
சனி, இரவு 9:20

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு ஏஎல். எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவர்.

எங்களுக்கு நோயைக் காட்டிக் கொடுத்ததே ரத்தக் குழாய்தான். டிசம்பர் பனியில் இருமல் பிடித்தது, ராத்திரி முழுக்க இருமினார். விடிந்ததும் பார்த்தால் இரண்டு கண்ணைச் சுற்றியும் கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப் போயிருந்தது. யாரோ குத்தியது போல இருக்கிறதே என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். இமையைச் சும்மா தேய்த்தால்கூட அடுத்த நாள் புள்ளி புள்ளியாக ரத்தம் கட்டும். அதற்கும் முன்னாலேயே முறுக்கு கடித்து மெல்லும்போது தாடை வலிக்கிறது என்பார், மெல்லுவதை நிறுத்தினால் வலி நின்றுவிடும். பல் டாக்டரிடம் போய் வந்தோம், பல்லில் ஒன்றுமில்லை. அப்புறம் காலில் நீர், சிறுநீரில் புரதம்.

தாடைத் தசைக்குப் போகிற சின்னத் தமனிகளில் அமிலாய்டு படிந்ததால் மெல்லும்போது ரத்தம் பற்றவில்லை என்று வேலூரில் விளக்கினார்கள். கண்ணைச் சுற்றிக் கன்றியதும் அதே கதைதான், குழாய்ச் சுவர் நொய்ந்து போய்விடுகிறது, இருமின அழுத்தத்தில் கசிகிறது. சிலருக்கு ரத்தம் உறைவதற்கு வேண்டிய பத்தாவது காரணியும் குறையுமாம், அதையும் சேர்த்துச் சோதித்தார்கள்.

தங்கச்சி, அப்பாவுக்கு இப்படி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். நாக்கு தடித்திருக்கிறதா, பேச்சு குழறுகிறதா என்றும் பாருங்கள். இருந்தால் லைட் செயின் டெஸ்டை ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். எங்களுக்குக் கீமோவும் டாராடுமுமாப் ஊசியும் ஆரம்பித்த பிறகுதான் லைட் செயின் அளவு இறங்கியது. இதயம் தேறுவதற்கு அதற்கப்புறமும் மாதங்கள் ஆகும் என்று முதலிலேயே சொல்லித்தான் ஆரம்பித்தார்கள், பொறுத்திருக்கிறோம்.

---

ஆத்தூர்_தம்பி
ஞாயிறு, காலை 10:00

நாடி ஐயாவிடம் ஒரு கேள்வி. எண்டோதீலியம் வேலை செய்கிறதா என்று கையிலேயே பார்க்கிற டெஸ்ட் ஒன்று இருக்கிறதாமே, அதை எடுத்தால் அமிலாய்டு குழாயைப் பாதித்திருக்கிறதா என்று தெரிந்துவிடுமா? என் பாட்டிக்கும் அமிலாய்டு என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால் கேட்கிறேன்.

---

அஸ்தம்பட்டி_நாடி
ஞாயிறு, மதியம் 12:15

நல்ல கேள்வி தம்பி. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

முன்கையில் பிபி பட்டையைக் கட்டி ஐந்து நிமிடம் ரத்தத்தை முழுக்க நிறுத்துவார்கள். பட்டையை அவிழ்த்ததும் ரத்தம் பாய்ந்து ஓடும். அந்தப் பாய்ச்சல் உரசுவதால் எண்டோதீலியம் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும், மேல்கைத் தமனி விரியும். எத்தனை சதவீதம் விரிந்தது என்று அல்ட்ராசவுண்டில் அளப்பார்கள். சர்க்கரை, புகை, கொழுப்பு உள்ளவர்களுக்கு விரிவு குறையும், குறைந்தால் கெடுதல் என்பதுதான் வழக்கமான கணக்கு.

ஏஎல் நோயாளிகளிடம் என்ன எதிர்பார்ப்போம்? ஆய்வகத்தில் மனித நுண்தமனிகளை எடுத்து நோயாளியின் லைட் செயினில் ஊற வைத்தபோது, அவை விரிகிற திறன் குறைந்தது. புரதம் படிவதற்கு முன்பே, கரைந்த நிலையிலேயே நஞ்சாக வேலை செய்கிறது. அப்படியானால் கைத் தமனியும் குறைவாகத்தான் விரியணும், இல்லையா? ஏதென்ஸ் குழு 2016ல் வெளியிட்டது நேர்மாறு. ஏஎல் நோயாளிகளுக்குக் கைத் தமனி மற்றவர்களைவிட அதிகமாக விரிந்தது. அதிலும் யாருக்கு ரொம்ப விரிந்ததோ அவர்கள்தான் சீக்கிரம் இறந்தார்கள்.

இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்பது என் கருத்து. ஆய்வகத்தில் பார்த்தது நரம்பிலிருந்து பிரித்தெடுத்த நுண்குழாய். கையில் அளப்பது உயிருள்ள உடம்பில், இழுத்துப் பிடிக்க வேண்டிய நரம்பும் கெட்டுப் போயிருக்கும் நிலையில், ஒரு பெரிய தமனியை. பிடி தளர்ந்துவிட்ட குழாய் அதிகமாக விரிவதில் ஆச்சரியமில்லை, நின்றதும் பிபி விழுவதும் அதே தளர்ச்சியால்தான். சின்னக் குழாய் விரிய மறுக்கிறது, பெரிய குழாய் சுருங்க மறுக்கிறது. ஒரே நோயாளிக்கு நெஞ்சு இறுக்கமும் தலைசுற்றலும் சேர்ந்து வருவதை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

பாட்டிக்கு இந்த டெஸ்ட் தேவையா என்றால், தேவையில்லை. இது ஆராய்ச்சிக்கான கருவி, இதை வைத்து மருந்து மாற்ற மாட்டார்கள். வார்டு அக்கா சொன்ன படுத்து, நின்று எடுக்கும் பிபிக்கு ஒரு பைசா செலவில்லை, மருந்தையே மாற்றும்.

---

ஆத்தூர்_தம்பி
ஞாயிறு, மதியம் 12:40

நன்றி ஐயா. பாட்டிக்கு நாடி சீராக இல்லை, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எழுதியிருக்கிறார்கள். கீழே விழுந்தால் ரத்தம் நிற்காதே என்று அம்மா பயந்து கொடுக்காமல் வைத்திருக்கிறார்.

---

வார்டு_அக்கா
ஞாயிறு, மதியம் 2:30

தம்பி, கொடுக்காமல் இருப்பது ஆபத்து. இந்த நோயில் மேலறையும் விறைத்துப் போய் ரத்தம் தேங்கும், உள்ளே ரத்தக் கட்டி உருவாகும். மற்றவர்களுக்கு வயது, சர்க்கரை, பிபி என்று மதிப்பெண் கூட்டித்தான் இந்த மாத்திரையை முடிவு செய்வார்கள். அமிலாய்டோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தால் மதிப்பெண் பார்க்காமலே கொடுப்பார்கள். விழுகிற பயம் நியாயமான பயம்தான், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். பிபி விழாமல் பார்ப்பதும் மாத்திரையைத் தொடர்வதும் இரண்டும் சேர்ந்து நடக்கணும்.

---

கொலுசு_மகள்
வியாழன், இரவு 8:45

எல்லோருக்கும் நன்றி. படுத்து 131, நின்ற ஒரு நிமிடத்தில் 96, மூன்றாவது நிமிடத்தில் 90. துடிப்பு 74லிருந்து 77தான் ஆனது. தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு டெல்மிசார்டனை நிறுத்தினார், அம்லோடிபினையும் நிறுத்தி, வீக்கத்துக்கு டோர்செமைடு என்ற நீர் மாத்திரையைக் குறைந்த அளவில் ஆரம்பித்திருக்கிறார். தினமும் காலையில் எடை பார்க்கச் சொன்னார். தலைசுற்றல் தொடர்ந்தால், குழாயைச் சுருக்கிப் பிபியை ஏற்றும் மிடோட்ரின் மாத்திரையை யோசிக்கலாம் என்றார்.

லைட் செயின், இம்யூனோஃபிக்சேஷன் இரண்டும் நார்மல். கண்ணைச் சுற்றிக் கன்றல், தாடை வலி எதுவும் இல்லை. அடுத்த வாரம் கோயம்புத்தூரில் பைரோபாஸ்பேட் ஸ்கேன். ஏற்காடு பற்றிக் கேட்க மறந்துவிட்டேன், அப்பா தினமும் அதையேதான் கேட்கிறார்.

---

மலைக்காப்பி
வியாழன், இரவு 9:30

லைட் செயின் நார்மல் என்று படித்ததும் மனசு லேசானது தங்கச்சி.

மலை பற்றி என் அனுபவம். என் வீட்டுக்காரர் இங்கேயே இருப்பவர், அவருக்கு உயரம் பழக்கம். சேலத்திலிருந்து சிகிச்சை முடிந்து திரும்பும் நாட்களில்தான் கஷ்டம். இருபது கொண்டை ஊசி வளைவில் வாந்தி வந்துவிட்டால் உடம்பில் தண்ணீர் குறையும், நீர் மாத்திரையும் போட்டிருந்தால் வண்டியிலிருந்து இறங்கும்போதே கால் தள்ளாடும். முன் சீட்டில் உட்கார வைத்து, நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, மெதுவாகத்தான் ஏறுவோம். இன்னொன்று, இங்கே குளிருக்குச் சுடச்சுடத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பார்கள், வெந்நீரில் குழாய் விரிந்து பாத்ரூமிலேயே விழுந்தவர் அவர். இப்போது வெதுவெதுப்பான தண்ணீர், உட்கார்ந்துதான் குளியல்.

---

அஸ்தம்பட்டி_நாடி
வெள்ளி, காலை 6:50

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 84 சதவீதம். நல்ல இதயத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆக்சிஜன் குறையும்போது நுரையீரல் குழாய்கள் சுருங்கும், உடம்பின் மற்ற குழாய்கள் விரியப் பார்க்கும், இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டும். அப்பாவுக்கு இந்த மூன்றாவதற்குத்தான் வழி இல்லை, நீங்கள் எழுதிய 74, 77 அதைத்தான் சொல்கிறது. கால் வீக்கம் வடிந்து, எடை சில வாரம் நிலையாக இருந்து, டாக்டரும் சரி என்றால் சித்தப்பா வீட்டில் போய்த் தங்குவதில் தவறில்லை. கோயில் இன்னும் உயரத்தில் இருக்கிறது, திருவிழாக் கூட்டத்தில் மணிக்கணக்காக நிற்க வேண்டும், கோயில் இருக்கும் குகைக்குள் குனிந்து நிமிர வேண்டும். இந்த வருடம் அந்தப் பகுதி வேண்டாம் என்பேன்.

சேலத்தில் இருக்கும்போதும் கவனிக்க ஒன்று. வெயிலில் தோல் குழாய்கள் விரியும், வயிறு நிறையச் சாப்பிட்டால் குடல் குழாய்கள் விரியும். மதியச் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள், சாப்பிட்டதும் எழுந்து வெயிலில் போக விடாதீர்கள். அழுத்தக் காலுறை வாங்குவதானால் முழங்கால் வரை உள்ளது போதாது, இடுப்பு வரை வரணும், இல்லை வயிற்றுப் பட்டை. ரத்தம் அதிகம் தேங்குவது வயிற்றில்தான்.

---

ஐந்துரோடு
வெள்ளி, காலை 9:00

சகோதரி, ஸ்கேன் பாசிட்டிவ் என்றால் மருந்து இருக்கிறதா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். எங்கள் பெரியப்பாவுக்கும் இரண்டு கையிலும் அதே மணிக்கட்டு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, இப்போது மூச்சு வாங்குகிறது என்கிறார்.

---

வார்டு_அக்கா
வெள்ளி, காலை 11:20

இருக்கிறது சார். டஃபாமிடிஸ் என்ற மாத்திரை டிரான்ஸ்தைரெட்டின் பிரியாமல் பிடித்து வைக்கும். 2018ல் வந்த பெரிய ஆய்வில் 441 பேர். 30 மாதத்தில் மருந்து போட்டவர்களில் 29.5 சதவீதம் பேரும், போடாதவர்களில் 42.9 சதவீதம் பேரும் இறந்தார்கள். அதற்கப்புறம் அதே வேலையைச் செய்யும் அகோராமிடிஸ் வந்திருக்கிறது, கல்லீரலில் அந்தப் புரதம் உருவாவதையே குறைக்கும் ஊசியும் வந்திருக்கிறது. படிந்ததை இவை கழுவி எடுக்காது, மேலும் படிவதைத்தான் மெதுவாக்கும். அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிக்கச் சொல்கிறோம். பெரியப்பாவுக்கு இந்த வாரமே ஒரு இசிஜியும் எக்கோவும் எடுங்கள், மணிக்கட்டு ஆபரேஷனைப் பற்றி டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

தங்கச்சி, ஸ்கேனுக்குப் போகும்போது தட்டைப் படம் மட்டும் போதாது, எஸ்பெக்ட் என்ற முப்பரிமாணப் படமும் சேர்த்து எடுப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து இதயத் தசையில் பிடித்திருக்கிறதா, உள்ளே இருக்கும் ரத்தத்தில் மிதக்கிறதா என்று அதில்தான் பிரித்துத் தெரியும். ஏடிடிஆர் என்று உறுதியானால் ஜீன் டெஸ்ட் கேட்பார்கள். பரம்பரை வகையாக இருந்தால் சித்தப்பாவும் நீங்களும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

---

கொலுசு_மகள்
வெள்ளி, மாலை 6:10

குறித்துக்கொண்டேன் அக்கா. கோயம்புத்தூரில் போன் பண்ணிக் கேட்டேன், எஸ்பெக்ட் சேர்த்துத்தான் எடுக்கிறார்களாம். சித்தப்பாவிடமும் பேசிவிட்டேன். அவருக்கும் வலது கை விரல் மரத்துப் போகிறதாம், இத்தனை நாள் காப்பிப் பழம் பறிக்கிற வேலையால் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை கீழே இறங்கி வந்து அப்பாவோடு அதே டாக்டரைப் பார்க்கிறார்.